தடா ரயிலேறும் முன்: ஸ்ரீசிட்டி இன்டர்வியூவுக்கு டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகள் செய்ய வேண்டிய தயாரிப்பு

கும்மிடிப்பூண்டி தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்து தடா. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் தமிழ்நாடு முடிந்து ஆந்திரா வந்துவிடும். காலை ரயிலில் மடியில் பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும், தடாவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இன்டர்வியூவுக்குப் போகிறார்கள் என்று. ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, வரதய்யபாளையம், சூளூர்பேட்டை என எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வரும் இடம் அதுதான்.

அந்த முணுமுணுப்பில் பயன் குறைவு. மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாப் பதிலும் சரியாகத்தான் வரும். வாயைத் திறந்து சொல்லும்போதுதான் மூன்றாவது வாக்கியத்தில் திக்கும். அதனால் தயாரிப்பு என்றால் இரண்டு வேலை: பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவது, கருவியைக் கையில் எடுத்துப் பழகுவது. பத்து நாள் கையில் இருந்தால் போதும். தினம் ஒரு மணி நேரத்தை இந்த இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பெனி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். "பெரிய எம்.என்.சி. சார்" என்பது பதில் ஆகாது. ஸ்ரீசிட்டியிலேயே அல்ஸ்டாம் மெட்ரோ ரயில் பெட்டி செய்கிறது. சென்னை மெட்ரோவுக்கும் கொச்சி மெட்ரோவுக்கும் அங்கிருந்து பெட்டிகள் போயிருக்கின்றன. இசுசூ வண்டி செய்கிறது. கோபெல்கோ மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் செய்கிறது. ரயில் பெட்டிக்கு வெல்டிங்கும் ஒயரிங்கும் பெரிய வேலை, வண்டித் தொழிற்சாலையில் அசெம்பிளியும் பெயின்டும் பெரிய வேலை, சின்ன பாகங்கள் செய்யும் சப்ளையரிடம் பிரஸ்ஸோ மோல்டிங்கோ பெரிய வேலை. எந்தப் பொருள் என்று தெரிந்தால் எந்தப் பாடத்தைப் புரட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, அந்த ஒன்றை அடிவரை படிப்பது மேல்.

இனி கருவி. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன் படித்த பிள்ளையிடம் மேஜையில் கிடக்கும் வெர்னியரை (நிலையான மெயின் ஸ்கேலும் அதன்மேல் நகரும் வெர்னியர் தகடும் கொண்ட அளவுக் கருவி) நீட்டி "இதை அளந்து சொல்லு" என்று கேட்பது வழக்கம். லீஸ்ட் கவுன்ட், அதாவது கருவி காட்டும் மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அடுத்த நிமிடம்தான் கஷ்டம். முதல் தவறு, வெர்னியர் தகட்டின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்து மெயின் ஸ்கேலைப் படிப்பது. பார்க்க வேண்டியது விளிம்பை அல்ல, வெர்னியரின் பூஜ்ஜியக் கோட்டை. விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் சில மி.மீ. தூரம் இருக்கும், விடை அவ்வளவும் தப்பும்.

சரியாகச் செய்தால் இப்படி இருக்கும். கருவி கைக்கு வந்ததும் தாடைகளைத் துணியால் துடைத்து, முழுவதும் மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. அப்படியே ஜீரோ எரர், அதாவது மூடியிருக்கும்போதே கருவி காட்டும் பிழை, இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய நிலையில் வெர்னியரின் பூஜ்ஜியம் மெயின் ஸ்கேலின் பூஜ்ஜியத்துக்கு ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளி நிற்கிறது, 49-வது கோடுதான் நேராகப் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கோட்டில் ஒன்று குறைவு, ஆக எரர் மைனஸ் 0.02. இப்போது பொருளை அளக்கிறீர்கள். மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 17-வது கோடு பொருந்துகிறது. 17-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.34. படித்த அளவு 24.34. எரர் மைனஸ் என்பதால் 0.02 கூட்ட வேண்டும். உண்மையான அளவு 24.36.

டிராயிங்கில் 24.30, கூட்டல் கழித்தல் 0.05 என்று இருந்தால்? 24.25 முதல் 24.35 வரை பாஸ். ஜீரோ எரர் பார்க்காதவர் 24.34 என்று பாஸ் பண்ணிவிடுவார். பார்த்தவர் 24.36 என்று ரிஜெக்ட் பண்ணுவார். ஒரே கருவி, ஒரே பொருள், இரண்டு முடிவு. க்வாலிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறவர் இந்த இடத்தைத்தான் கவனிப்பார். இன்னும் ஒரு படி மேலே போகலாம்: "சார், மொத்த டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 0.10 தான். அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கருவி வேண்டும், இதை மைக்ரோமீட்டரில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஒதுக்குவேன்" என்று சொல்கிற பிள்ளையை அடுத்த ரவுண்டுக்கு அனுப்பாமல் விடமாட்டார்கள்.

மைக்ரோமீட்டரில் திம்பிளில் (சுழலும் உருளை) 50 கோடு, ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., ஆக லீஸ்ட் கவுன்ட் 0.01. ஸ்லீவில் (சுழலாத உருளை) அரை மி.மீ. கோடு தெரிகிறதா என்று பார்க்க மறந்தால் 7.78 என்பது 7.28 ஆகிவிடும். கடைசியில் நுனியில் உள்ள ராட்செட்டைத் திருப்பி இரண்டு மூன்று கிளிக் கேட்க வேண்டும். திம்பிளைப் பிடித்து முறுக்கினால் அளவு குறைவாகக் காட்டும். பழைய பாலிடெக்னிக் லேபில் கேட்டால் தருவார்கள், தெரிந்த லேத் பட்டறை இருந்தால் அங்கேயும் பழகலாம். இருபது பொருளை அளந்து நோட்டில் எழுதி, பட்டறைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கருவியை நீட்டினால் கை நடுங்காது.

டிராயிங் படிப்பதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறை உண்டு. நம் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். ஜப்பான், கொரியக் கம்பெனிகளின் டிராயிங் தேர்ட் ஆங்கிள். அதே தோற்றம் மேலே வரும். தலைப்புக் கட்டத்தில் வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும் கொண்ட குறி இருக்கும், அதைப் பார்த்தால் எது என்று தெரியும். டிராயிங் கையில் வந்ததும் முதலில் விரல் அந்தக் குறியைத் தேடட்டும்.

வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறையான ஃபைவ் எஸ் பற்றிக் கேள்வி வராமல் இருக்காது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்தையும் ஒப்பிப்பது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பொருளோடு சொல்லுங்கள். வேண்டாததை அகற்றுவது செய்ரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைப்பது செய்டன். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே என்று பார்க்காமலே அம்மா கை போகிறதே, அது செய்டன். சுத்தம் செய்சோ. எல்லாரும் ஒரே முறையில் செய்யும்படி வரையறுப்பது செய்கெட்சு. யாரும் சொல்லாமலே தொடர்வது ஷிட்சுகே. உங்கள் ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் மாட்டும் பலகை இருந்திருக்கும், அதில் ஒன்று காணாமல் போனால் எப்படித் தெரிந்தது என்று ஓர் உதாரணம் சொன்னால் போதும்.

"டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்" என்று கேட்டதும் அப்பா விவசாயம், அம்மா இல்லத்தரசி, ஒரு தங்கை, கிரிக்கெட் பிடிக்கும் என்று ஆரம்பிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். போன் ரெக்கார்டரில் பதிவு செய்து கேளுங்கள். சொல்ல வேண்டியது இந்த மாதிரி: "டிப்ளமோ மெக்கானிக்கல், 78 சதவீதம். கடைசி செமஸ்டரில் நாலு பேர் சேர்ந்து பெடலில் ஓடும் தண்ணீர் பம்ப் செய்தோம். அதில் ஷாஃப்ட் கடைவதும் அளவு பார்ப்பதும் என் பொறுப்பு. விடுமுறையில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினைந்து நாள் ட்ரெய்னிங். வெர்னியர், மைக்ரோமீட்டர் பழக்கம் உண்டு. க்வாலிட்டியில் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன்."

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த கேள்விக்கு வாசல் திறக்கும். ஷாஃப்ட் என்று சொன்னால் "எத்தனை எம்.எம்.? என்ன மெட்டீரியல்? என்ன ஸ்பீடில் கடைந்தீங்க?" என்று வரும். 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல், கட்டிங் ஸ்பீட் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால், 1000-ஐ 30-ஆல் பெருக்கி, பை (3.14) பெருக்கல் 25-ஆல் வகுக்க, சுமார் 380 ஆர்.பி.எம். வரும். உங்கள் ப்ராஜெக்ட்டின் எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் செய்த ப்ராஜெக்டில் மூன்று பேர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்கியவர்கள் கட்டாயம் மாட்டுவார்கள். அதைவிட, "அதில் என் பங்கு குறைவு சார், ரிப்போர்ட்தான் நான் எழுதினேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, உண்மையாகத் தெரிந்த லேப் வேலைக்குப் பேச்சைக் கொண்டுபோவது பாதுகாப்பு.

மொழியைப் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீண் பயம் அதிகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் தெலுங்குக்காரராக இருக்கலாம், சென்னையிலிருந்து வருகிறவராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தொழில் விஷயம் வந்ததும் தெரிந்த மொழிக்கு மாறுவது சகஜமாக நடக்கிறது. "சார், இதைத் தமிழில் விளக்கலாமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு மாறுங்கள், கேட்காமல் நடுவில் மாறினால் தடுமாற்றமாகத் தெரியும். தெலுங்கு காதால் கற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தையிலும் நண்பர்களிடமும் "நுவ்வு" என்றே பேசிப் பழகியிருப்போம். அது "நீ". இன்டர்வியூவில் "மீரு"தான், வாக்கியத்தின் முடிவில் "அண்டி" சேர வேண்டும். தெரியாது என்பதைக்கூட "தெலீது" என்று வெட்டாமல் "தெலீதண்டி" என்றால் காதுக்கு மரியாதையாக இருக்கும். ரெஸ்யூமில் தெலுங்கு என்று மொட்டையாகப் போடாமல், பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது என்று பிரித்து எழுதுங்கள். லைனில் ஒட்டியிருக்கும் தெலுங்கு நோட்டீஸைக் காட்டிப் படிக்கச் சொல்ல அவர்களுக்கு ஒரு நொடி போதும்.

பேப்பர்களில் பெரிய தலைவலி பெயர். நம் பக்கத்தில் முருகேசன், இனிஷியல் கே. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும். ஆதாரில் இனிஷியலே இல்லாமல் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் படித்திருந்தால் வீட்டுப் பெயர் முன்னால் வந்திருக்கும். பேன் கார்டில் இன்னொரு விதம். பி.எஃப். கணக்குக்கு ஆதார் பெயரோடு பொருந்த வேண்டும் என்பதால் எச்.ஆர். இதைத் தோண்டித்தான் பார்ப்பார். இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் முன்பே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பேன், பேங்க் பாஸ்புக் நாலையும் மேஜையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். மாற்றுவதாக இருந்தால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அளவுகோலாக வைத்து மற்றவற்றை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், அவசரத்தில் ஒன்றை வீணாக்க வேண்டாம். கல்யாணமான பெண்களுக்குக் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் கல்யாணப் பதிவுச் சான்றின் ஜெராக்ஸும் ஃபைலில் இருக்கட்டும்.

முகவரியையும் கேட்பார்கள். தனியார் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை உள்ளூர்க்காரருக்கு என்று ஆந்திர சட்டமன்றம் 2019-ல் சட்டம் இயற்றியது. அதைக் கேள்விப்பட்டு, சத்தியவேட்டில் இருக்கும் மாமா வீட்டு முகவரியை ரெஸ்யூமில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதாரை நீட்டியதும் அது தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். எந்த மாநிலமோ அதையே எழுதுங்கள்.

ஃபைலில் ரெஸ்யூம் மூன்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு, சான்றிதழ்கள் ஒரிஜினல் ஒரு செட், கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் இரண்டு செட். எல்லாம் பேப்பரில் இருக்க வேண்டும். பல தொழிற்சாலைகளில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். "போனில் இருக்கு சார்" என்ற பதில் அங்கே செல்லாது. எச்.ஆர். நம்பரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. "ஜாயின் பண்ணினதும் திருப்பித் தருவோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம்.

சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும். புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், சூளூர்பேட்டை வரை போவது சிலதான். ஒன்றைத் தவறவிட்டால் கும்மிடிப்பூண்டியில் இறங்கி பஸ் தேட வேண்டிவரும். தடாவில் இறங்குவதோடும் பயணம் முடியாது. ஸ்ரீசிட்டிக்குள் கம்பெனிகள் தூரத்தூரமாக இருக்கின்றன, நடந்து போய்விடலாம் என்ற கணக்கு வெயிலில் தோற்றுவிடும். எந்தக் கேட், எந்த பிளாட் என்று முந்தைய நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்க் கேட்டைப் பார்த்துவிட்டே வாருங்கள். ஒன்பது மணி என்றால் எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். செக்யூரிட்டி பதிவுக்கே கால் மணி நேரம் ஆகும். மூடிய ஷூ போடுங்கள், செருப்போடு வந்தால் ஷாப் ஃப்ளோரைக் காட்ட அழைத்துப் போகமாட்டார்கள். பெண்கள் துப்பட்டாவைப் பின் செய்து, கூந்தலைக் கட்டி, வளையலைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டால் லைனுக்குள் போகத் தடை இருக்காது.

அரியர் இருந்ததா என்று கேட்டால் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்: "மூன்று இருந்தது சார், அடுத்த செமஸ்டரிலேயே எழுதி முடித்தேன்." வாத்தியார் சரியில்லை, காய்ச்சல் என்று இழுக்க வேண்டாம். தெரியாத கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். கொஞ்சமும் தெரியாவிட்டால் "தெரியாது சார், படித்துக்கொள்கிறேன்." ஓரளவு தெரிந்தால் "இதுவரைதான் தெரியும்" என்று எல்லையைச் சொல்லி நிறுத்துங்கள். ஊகத்தை உறுதியான குரலில் சொல்வதை அவர்கள் ஆபத்தாகப் பார்ப்பார்கள். நாளைக்கு மெஷின் முன்னாலும் அதையே செய்வீர்கள் என்று நினைப்பார்கள்.

"எத்தனை மாசம் இருப்பீங்க?" என்பது அவர்களுடைய உண்மையான கவலை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வராதவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. "நிச்சயமா இருப்பேன் சார்" என்பதைவிட, ஆரம்பாக்கத்திலிருந்து காலை எத்தனை மணி வண்டி, ஷிஃப்ட் முடிந்து எதில் திரும்புவீர்கள், நைட் ஷிஃப்டுக்கு என்ன ஏற்பாடு என்று சொல்வது அவர்களுக்கு நம்பிக்கை தரும். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். கம்பெனி ரோலா கான்ட்ராக்டா, ட்ரெய்னிங் எத்தனை மாதம், ஷிஃப்ட் எப்படி மாறும், கம்பெனி பஸ் எங்கே வரும்: இந்த நாலையும் கேளுங்கள். பெண்கள் இரவு ஷிஃப்ட் வண்டி வீட்டு வாசல் வரை வருமா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

சம்பளப் பேச்சில் சி.டி.சி.யை (உங்களுக்காகக் கம்பெனி ஓர் ஆண்டில் செலவிடும் மொத்தத் தொகை) பன்னிரண்டால் வகுத்துக்கொண்டு வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கம்பெனி கட்டும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்று தனியாகக் கேளுங்கள். மொத்தம் 18,000, அதில் பேசிக் 12,000 என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம் 1,440. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 135; சம்பளம் 21,000 தாண்டாதவரை அது உண்டு. தொழில் வரி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆந்திராவில் மாதாமாதம். 15,000-க்கு மேல் 20,000 வரை 150 ரூபாய். கைக்கு 16,275. கேன்டீனும் பஸ்ஸும் பிடித்தம் உண்டா என்று அதற்குப் பிறகு கேளுங்கள். அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுத்தால் அது ஸ்டைபெண்ட், பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. அது குறையல்ல, ஆனால் சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும், ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், மெடிக்கல் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தேர்வானால் மெடிக்கல் இருக்கும். பார்வை, பிரஷர், ரத்தம், எலெக்ட்ரிக்கல் வேலை என்றால் நிறக்குருடு பரிசோதனையும். புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று கேட்கும் அட்டைகளைக் காட்டுவார்கள். சிவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் பிரித்துப் பார்ப்பதில் சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அசெம்பிளி, பேக்கிங், ஸ்டோர்ஸ் போன்ற வேலைகளுக்கு அந்தக் குறை பெரிதாகத் தடையாக இருக்காது. கண்ணாடி போடுகிறவர்கள் அன்றைக்கு அதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.